அண்ணன் எதிரே சொல்ல முடியாத பதில்

ஆஸ்திரேலியாவின் ராபின்வேலில் திராட்சைப் பெட்டி அடுக்கும் பெண்களில் சீலியாவின் கைக்கு ஈடு கிடையாது. கொத்தைத் தூக்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். ஒன்பது வயதில் டோங்காத் தீவிலிருந்து இங்கே வந்தவள். முப்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. தேவாலயத்தில் உடன் பாடும் பெண்கள், "எவன் வந்தாலும் சுருதி சேரலன்னு திருப்பி அனுப்பிடுவா" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். கொடி வெட்டும் பருவத்துக்குத் தீவிலிருந்து வந்த ஹெனெலி பின்வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடினான். அந்த ஆண்டே பன்றி சுட்டு, பாய் விரித்து, கல்யாணம் முடிந்தது.

அண்ணன் செமிசியின் வீட்டுப் பின்னறையில் இருவரும் எட்டு மாதம் குடும்பம் நடத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஹெனெலி தீவுக்குத் திரும்பினான். மனைவியோடு சேர்ந்து வாழ அவன் கேட்ட விசா மறுக்கப்பட்டது. காரணம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சாரம் இதுதான்: கணவனோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்தபோது சீலியாவுக்கு அழுகைகூட வரவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்ட நேரத்தில் அவள் செமிசியின் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அழைப்பு கார் ஒலிபெருக்கியில் விழுந்தது. துண்டித்தால் விசா போய்விடுமோ என்ற பயத்தில் பேசினாள். எந்த அறையில் தூங்கினீர்கள், ஒரே படுக்கையா, யார் எந்தப் பக்கம் என்று அதிகாரி கேட்டார்.

டோங்காக்காரர்களிடையே அண்ணன் காதில் விழ தங்கை அந்தப் பேச்சைப் பேசமாட்டாள். தொலைக்காட்சியில் முத்தக் காட்சி வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில் எழுந்து எங்கே போவது? செமிசி பாவம், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டான். காற்று இரைந்தது. அதிகாரி அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார். "தெரியாது", "ஞாபகம் இல்ல" என்று சொல்லி சீலியா ஒப்பேற்றினாள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். வழக்கைப் பார்த்த வக்கீல் பிரென்டா கெட்டிக்காரிதான். ஆனால் அவளைப் பார்க்கப் போனபோதெல்லாம் செமிசி கூடவே போனான். அப்பா இல்லாத தங்கை, அவன்தானே துணை. அவன் பக்கத்தில் இருக்க, பிரென்டாவிடமும் சீலியா காரணத்தைச் சொல்லவில்லை. இதிலும் தோற்றால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு வருடமாவது இழுக்கும் என்று பிரென்டா எச்சரித்திருந்தாள்.

விசாரணை மெல்பர்னில், காலை பத்து மணிக்கு. செமிசி கோட்டுக்கு மேல் இடுப்பில் டோங்கா வழக்கப்படி மரியாதைக்கான பாய் கட்டி, சீலியாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். தீர்ப்பாய உறுப்பினர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. குரலில் கடுமை இல்லை. கல்யாணம், மாமியார், ஹெனெலி அனுப்பும் கடிதங்கள் என்று கேட்டதற்கெல்லாம் சீலியா தடையில்லாமல் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. சீலியா மேசையைப் பார்த்தாள். ஞாபகம் இல்லை என்றாள். உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். பிரென்டாவின் முகம் வெளுத்தது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. செமிசி எழுந்து நின்றான்.

"மன்னிக்கணும் அம்மா. நான் இவ கூடப்பிறந்த அண்ணன். நான் இங்க இருக்கற வரைக்கும் இவ இதுக்குப் பதில் சொல்லமாட்டா. அன்னைக்கு போன் வந்தப்ப கார் ஓட்டுனதும் நான்தான். நான் போயிடறேன், அப்புறம் கேளுங்க."

அனுமதிக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அப்புறம் சீலியாவை நிறுத்த முடியவில்லை. இரும்புக் கட்டில், அது போடும் கிறீச்சுச் சத்தம், பலகைச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் குடும்பம். "ரெண்டாம் நாளே மெத்தையைத் தூக்கித் தரையில போட்டுட்டோம். கட்டில் மேல துணிதான் காயும்" என்றாள். ஹெனெலிக்குக் குளிர் ஆகாது, ஆனாலும் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு கதவோரம்தான் படுப்பான் என்றாள். ஹெனெலியின் பேச்சை மொழிபெயர்க்க வந்திருந்த டோங்காப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

உறுப்பினர், சீலியா வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, தீவுக்குத் தொலைபேசி போட்டார். நீங்களும் மனைவியும் எங்கே தூங்கினீர்கள் என்று ஹெனெலியிடம் கேட்டார். சீலியா விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

ஹெனெலி திருப்பிக் கேட்டான்: "செமிசி மச்சான் அந்த ரூம்ல இருக்காரா?"

அது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டபோது உறுப்பினர் பேனாவை மறுபடி எடுத்தார். "இல்லை, வெளியே போய்விட்டார்" என்றார்.

"அப்ப சரி. தரையில. அந்தக் கட்டில் ஊரையே கூட்டும்."

அரைமணி நேர இடைவேளைக்குப் பின் உறுப்பினர் முடிவை வாய்மொழியாகவே சொன்னார். இருவரும் உண்மையான கணவன் மனைவி என்று தீர்ப்பாயம் ஏற்கிறது; மறுப்பு ரத்து; விண்ணப்பம் மறுபரிசீலனைக்குத் திரும்பப் போகும். மிச்சமிருப்பது மருத்துவச் சோதனையும் காவல்துறைச் சான்றும்தான் என்று பிரென்டா காதில் சொன்னாள். "இதை மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, மகராசி" என்றும் சொன்னாள்.

செமிசி மின்தூக்கி அருகே சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை.

"அண்ணே, ஹெனெலி வரான். மூணு நாலு மாசமாகும்."

"நல்லது" என்றான். மின்தூக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டு, "பாட்டுல கட்டைக் குரலுக்கு ஆளில்லாம கெடக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பென்டிகோ தாண்டியதும் அவளுக்குப் பசித்தது. முந்தின நாள் காலையிலிருந்து எதுவும் தொண்டையில் இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாலையோரக் கடையில் செமிசி ஆளுக்கொரு இறைச்சி அடைத்த அப்பம் வாங்கினான். அவள் தன்னுடையதை நாலே வாயில் முடித்ததைப் பார்த்து, தன்னுடையதையும் நீட்டினான். அவள் கார் கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே தொங்கவிட்டபடி, வெயிலில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டாள். முடிக்கும்வரை அவன் வண்டியைக் கிளப்பவில்லை.