டிவிடியில் இடமில்லாத நான்கு நிமிடங்கள்

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "தம்பி, உங்கப்பா பேசுனது எதுலயாச்சும் இருக்கா? குரலு மறந்துபோயிருமோன்னு பயமா இருக்குடா."

கைப்பேசியில் தேடினேன். அப்பா குரல்பதிவு அனுப்பும் ஆளில்லை. கூப்பிடுவார், இரண்டு வார்த்தை பேசுவார், வைத்துவிடுவார். படங்கள்தான் இருந்தன. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா கல்யாணத்துல மைக்கப் புடிச்சுப் பேசுனாரே? நீதானே எடுத்த?"

நான்தான் எடுத்தேன். நான்தான் வெட்டினேன்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் அந்த அளவுக்குப் படித்தவர்கள் அதுவரை யாருமில்லை. அப்பா செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் என்று யார் எதைச் சொன்னாலும், "நம்ம பயகிட்ட குடுங்க, அவன் பாத்துக்குவான்" என்பார். நண்பனின் கேமராவை இரவல் வாங்கி, கல்யாணத்தைப் பிடித்து, இரண்டு மணி நேரப் படமாகத் தொகுத்தேன். அதன் அளவு 4.5 ஜிபி என்று மடிக்கணினி காட்டியது. டிவிடி உறையில் 4.7 என்று போட்டிருந்தது. தாராளமாகக் கொள்ளும் என்று நினைத்தேன். கொள்ளவில்லை.

காரணத்தை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். டிவிடி செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டு ஜிபி என்கிறார்கள். கணினியோ அதையே ஆயிரத்து இருபத்து நான்கு வீதம் கணக்கிடுகிறது. உறையில் 4.7 என்று இருப்பது திரையில் 4.38 மட்டுமே. என் படம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கூடிப்போயிருந்தது.

அப்பாவின் பேச்சு நான்கு நிமிடம். அதை எடுத்துவிட்டேன். படம் சரியாக உட்கார்ந்தது.

கணக்குத்தான் காரணம் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் அதே கடையில் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி இருந்தது. தெளிவைக் கொஞ்சம் குறைத்திருந்தாலும் போதும். கார்கள் வந்து நின்றதை மட்டுமே ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், அதை வெட்டியிருக்கலாம். நான் அப்பாவை வெட்டினேன். மைக்கை வாய்க்குள் போடுவதுபோல் பிடித்திருந்தார். சம்பந்தியின் பெயரை மறந்துவிட்டு, தானே சிரித்தார். தன்னை வேலை வாங்கும் மண்டோருக்கு, லீவு கொடுத்ததற்காக, மூன்று தடவை நன்றி சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கூலாய் டவுனில் கடை வைத்திருக்கிறவர்கள், அந்த டிவிடி அவர்கள் வீட்டுக்கும் போகும். எனக்கு வெட்கமாக இருந்தது.

படத்தைப் போட்டுப் பார்த்த அன்று அப்பா கேட்டார். "நான் பேசுனது எங்கடா?"

"டிவிடில எடம் பத்தலப்பா."

"அவ்ளோ பெரிய கல்யாணத்துக்கு எடம் இருக்கு, எனக்கு இல்லயா லா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கணினியில் இருந்ததையும் பிறகு அழித்துவிட்டேன்.

அம்மா கேட்ட பிறகுதான் சிம்பாங் ரெங்கம் அத்தை நினைவுக்கு வந்தார். அப்பாவின் தங்கை. அவர் வீட்டில் டிவிடி ஓடாது, பழைய விசிடி பெட்டிதான். அவருக்காக, வெட்டுவதற்கு முன்பே, முழுப்படத்தையும் இரண்டு விசிடியில் பதிந்து கொடுத்திருந்தேன். ஒரு டிவிடியில் இருப்பதை அப்படியே மாற்ற எழுநூறு எம்பி சிடி ஏழு வேண்டும். விசிடிக்குப் படத்தைச் சுருக்கிப் பதிய வேண்டும், மங்கலாகிவிடும், ஆனால் இரண்டே போதும். அந்த மங்கலில் அப்பா முழுதாக இருந்தார்.

"அலமாக், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே மருமவனே?" என்று அதிசயப்பட்டபடி அலமாரியைக் கிளறினார் அத்தை. "படிச்ச புள்ள குடுத்தது, தூக்கிப் போடுவேனா?"

இரண்டும் இருந்தன. தாலி கட்டுவது வரை முதலாவதில். மீதியெல்லாம் இரண்டாவதில், விளிம்பு வரை. வட்டு நடுவிலிருந்து வெளியே பதிந்துகொண்டு போகும், கடைசியில் வரும் அப்பாவின் பேச்சு ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, புதிதாக வாங்கிய டிரைவில் இரண்டாவதைப் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தி முடிந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் சாப்ட்டீங்களா? பத்தலன்னா கேட்டு வாங்கிச் சாப்டுங்க. எனக்கு மேடையில பேசவெல்லாம்..."

அவ்வளவுதான். டிரைவ் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது. துடைத்துப் போட்டேன், வேறு மென்பொருளில் முயன்றேன். அதற்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை.

"மிச்சம் வேற எதுலயாச்சும் இருக்குமா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. எடம் பத்தலன்னு அப்ப சொன்னேன்ல, அது பொய். வேற எதையாச்சும் வெட்டியிருக்கலாம். அப்பா பேசுனது எனக்கு வெக்கமா இருந்துச்சு. நானாத்தான் வெட்டுனேன்."

அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உங்கப்பா அந்தப் படத்த அன்னிக்கி ஒரு நாளுதான் பாத்தாரு," என்றார். "அப்பறம் நான் எத்தன தடவ போட்டாலும் எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மவ போன ஏக்கம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கறதப் போடு," என்றார்.