மாமியின் மீன்கறியும் என் நாக்கும்

பாறசாலைக்கு மருமகளாக வந்த புதிதில், மாமியாரின் மீன்கறி பட்டாலே என் நாக்கு எரியும். சொல்லத் தயங்கி வெறும் சோற்றைத் தின்பேன். "எனக்க கறி அவளுக்குப் பிடிக்கல்ல, அதாக்கும்" என்று என் கணவரிடம் சொன்ன மாமி, என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். மாமிதான் ஆட்டோ பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழவழவென்று சிவந்திருந்த என் நாக்கைப் பார்த்த டாக்டர், ரத்தத்தைச் சோதித்து, ஃபோலிக் அமிலக் குறைவால் வந்த ரத்தசோகை, நாக்கு எரிவதும் அதனால்தான் என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

"எரியுதுண்ணா சொல்லப்பிடாதா மக்கா" என்றார் மாமி. தினமும் அவரே மாத்திரையை எடுத்துத் தந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். எரிச்சல் அடங்கி, நான் இன்னும் கொஞ்சம் கறி கேட்ட அன்று, சட்டியையே என் முன்னால் வைத்தார்.

போன மாதம் மாமி என் மீன்கறியைத் தொடாமல் வெறும் சோறு தின்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நாக்க நீட்டுங்க மாமி" என்றேன்.