அல்சூர் ஏரியின் மோட்டார் படகும் கிரேஸ் செய்த ஜெபமும்

என் மனைவி கிரேஸ் தண்ணீரில் போனாள். என் மகள் எஸ்தர் தண்ணீரிலிருந்து திரும்பி வந்தாள். இரண்டும் ஒரே மாலையில், ஒரே படகில் நடந்தன. இந்தச் சாட்சியை எழுதும்படி நம் சபையார் பலமுறை கேட்டும் நான் தள்ளிப்போட்டு வந்தேன். பாதி நன்றியும் பாதி அழுகையுமாக இருப்பதை எப்படிச் சாட்சி என்று சொல்வது என்ற தயக்கம்தான் காரணம். இப்போது எஸ்தரே கேட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அது 1934-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை. பெங்களூர்த் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தினமும் காலையில் காற்று, குளிர், மேகம் இவற்றை நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். கிரேஸ் அதைக் கேலி செய்வாள். "மழை வரதும் வராததும் உங்ககிட்ட கேட்டுட்டா நடக்குது?" என்பாள். அன்று நல்ல வெயில், மெல்லிய கீழ்க்காற்று என்று எழுதியிருந்தேன்.

அந்த விடுமுறைக்கு யாரோ ஒரு குத்தகைக்காரர் மதராசிலிருந்து ஒரு மோட்டார் படகைக் கொண்டுவந்து அல்சூர் ஏரியில் விட்டிருந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. கரையிலிருந்து கிளம்பி, ஏரி நடுவில் இருக்கும் தீவுகளைச் சுற்றி, ராணுவக் குடியிருப்புகளையும் சிவன் கோயில் கோபுரத்தையும் தண்ணீரிலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பும். துடுப்பு இல்லை, பாய் இல்லை. பின்னால் எஞ்சின் உறுமும், முன்னால் தண்ணீர் இரண்டாகக் கிழிந்து சிறகு மாதிரி எழும்பும். எங்கள் சபையின் மாதர் சங்கம் வருஷா வருஷம் குடும்பங்களோடு எங்காவது வனபோஜனம் போகும். அந்த வருஷம் ஏரிக்கரைக்குப் போய்ப் படகிலும் ஏறுவது என்று முடிவாயிற்று.

கிரேஸுக்குத் தண்ணீர் என்றால் பயம். அவள் வளர்ந்த கோலார்ப் பக்கத்துக் கிராமத்தில் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. "எனக்கு பேடா. நீங்களும் குழந்தையும் போங்க, நான் கரையில சாப்பாட்டுக் கூடையைப் பாத்துக்கறேன்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள். எஸ்தருக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. "அம்மா வராட்டி நானும் போகல" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். கிரேஸ் பெருமூச்சு விட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் கால் வைத்தாள்.

அது நீளமான, குறுகலான படகு. இரு ஓரமும் நீளவாட்டில் ஒவ்வொரு பலகை பெஞ்சு, எதிரெதிராக. நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். சபையில் அப்படித்தானே உட்காருகிறோம்? கால் தானாகவே அந்தந்தப் பக்கம் போயிற்று. ஆண்கள் ஐந்து பேர்தான். பெண்கள் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

படகு ஓட்டியவர் காதர் பாய். எஞ்சினைக் கிளப்புமுன் எங்களைப் பார்த்தார். பெண்கள் பக்கத்து விளிம்பு தண்ணீரை எட்டுகிற மாதிரி இருந்ததையும் பார்த்தார்.

"அரே, ஒரு சைடு பாரம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அம்மா, ரெண்டு மூணு பேரு சொல்ப அந்த சைடு போய் உக்காருங்க."

"நாங்க என்ன அரிசி மூட்டையா, அங்க நாலு இங்க நாலுன்னு அடுக்க?" என்றார் தேவகிருபை அம்மாள். சபையிலேயே மூத்த பெண்மணி அவர். பெண்கள் சிரித்தார்கள்.

மூப்பர் சாலமோன் ஐயாவும் விடவில்லை. "பாய், எங்க கோயில் கட்டின நாள்லேர்ந்து அவங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கோயில் ஒரு நாளும் சாயல. நீங்க ஓட்டுங்க."

"கோயிலுக்கு அஸ்திவாரம் இருக்குது சாமி. இதுக்குக் கீழ தண்ணிதான் இருக்குது" என்றார் காதர் பாய்.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்நிய ஆண்களோடு தோள் உரச உட்காருவதா என்ற கூச்சம் பெண்களுக்கு. எழுந்து இடம் மாற எங்களுக்கும் கூச்சம். காதர் பாய் தலையை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் படகை எடுத்தார்.

அந்தச் சவாரி நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தினமும் கரையிலிருந்து பார்த்த ஏரி வேறு ஊர் ஏரி போல ஆகிவிட்டது. துறையில் துணி தோய்க்கிறவர்கள் கையை ஆட்டினார்கள். கோபுரம் எங்களோடு கூடவே நகர்ந்து வந்தது. நீர்க்கோழிகள் தண்ணீர் மேலேயே ஓடிப் பறந்தன. முகத்தில் சாரல் அடித்தபோது பெரியவர்கள் கூடக் குழந்தைகள் போலக் கூவினார்கள். "இன்னும் வேகம், பாய்!" என்று வாலிபர் இருவர் கத்தினார்கள். ஒரு பெண் கீர்த்தனை தொடங்கினாள். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

கிரேஸ் பாடவில்லை. எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துப் புன்னகைத்தேன். பயந்தாங்கொள்ளி என்று வீட்டுக்குப் போய்க் கேலி செய்யலாம் என்று நினைத்தேன். அப்போது அவள் எஸ்தரின் காதில் ஏதோ சொல்லி, முதுகில் கை வைத்து என் பக்கம் தள்ளிவிட்டாள். பிள்ளை தடுமாறி வந்து என் மடியில் விழுந்தாள்.

"பாருங்க பாய், ஒரு மூட்டையை அனுப்பிட்டோம்!" என்றார் தேவகிருபை அம்மாள்.

அன்று நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பெரிய தீவைச் சுற்றிப் படகு வளைந்தது. வளையும்போது வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அந்த வெளிப்பக்கம் பெண்கள் பக்கம். விளிம்பின் மேலாகத் தண்ணீர் ஒரே மடிப்பாக உள்ளே வந்தது. எழுந்தவர்கள் எல்லோரும் தாழ்ந்த பக்கமே சரிந்தார்கள். எங்கள் பெஞ்சு வானத்தை நோக்கி உயர்ந்ததும், நானும் எஸ்தரும் கவண்கல் போல வீசப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. படகு பெண்கள் மேல் கவிழ்ந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. மிதந்த ஒரு பலகை கையில் அகப்பட்டது. "ஆண்டவரே, ரெண்டு பேரும், ரெண்டு பேரும்" என்று கத்தினேன். அதுதான் அன்று நான் செய்த ஜெபம். பரிசல்காரர்கள் வந்தார்கள். தீவு ஓரத்துப் பாசியில் சிக்கியிருந்த எஸ்தரை ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். காதர் பாய் கவிழ்ந்த படகுக்கு அடியில் திரும்பத் திரும்ப முழுகினார். ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணோடு மேலே வந்தார். கடைசி இரண்டு முறை அவர் கொண்டுவந்தவர்களுக்கு உயிர் இல்லை. ஒருவர் தேவகிருபை அம்மாள். மற்றவள் என் கிரேஸ். அவள் கையில் செருப்பு இன்னும் இருந்தது.

மறுநாள் ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் காதர் பாய் உள்ளே வராமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போதகர் ஜெபித்தார், எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரைக் கேட்டேன், ஒருத்தியை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

ஏரித் தண்ணீர் எஸ்தரின் மார்புக்குள் போயிருந்தது. நிமோனியா ஜுரம் என்றார் டாக்டரம்மா. இன்று இதற்கு மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். அன்று ஒன்றும் கிடையாது. ஆளிவிதையை அரைத்துச் சுடச்சுட மார்பில் பற்றுப் போடுவார்கள், காத்திருப்பார்கள். "ஜுரம் உச்சிக்குப் போய் ஒரு நாள் திரும்பும். அல்லது திரும்பாது. அதுவரைக்கும் நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

அது பெண்கள் வார்டு. பார்வை நேரம் போக, ஆண்கள் உள்ளே இருக்கக் கூடாது. தகப்பனானாலும் அதே சட்டம். படகிலிருந்து தப்பிய பெண்களில் ஒருவரான சூசன்னாள் அம்மாள் உள்ளே பிள்ளையோடு இருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தேன். ஜன்னல் வழியாக எஸ்தரின் இருமல் கேட்கும். கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

போதகர் வந்தார். "ஜெபிக்கலாமா?" என்றார். "நீங்க ஜெபிங்க ஐயா. எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். சாலமோன் ஐயா தினமும் வந்து தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டுப் போவார். என் கிட்டே வரத் துணிச்சலில்லை அவருக்கு. நானும் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் நர்சம்மா வெளியே வந்து, "நீங்க உள்ள வரலாம்" என்றாள். பார்வை நேரம் அல்லவே என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. சட்டத்தைத் தளர்த்துவது எப்போது என்று எனக்குத் தெரியும்.

எஸ்தர் நெருப்பாய்க் கொதித்தாள். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. நகம் நீலம் பாய்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அழகான வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆண்டவரே, உம்மோடு பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வேறு யாரிடம் போவேன்? இவளையாவது விட்டுவிடும்." அவ்வளவுதான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

வெயில் சாய்ந்து ஜன்னல் நிழல் கட்டில்மேல் ஏறியபோது என் கைக்குள் இருந்த அவள் கை ஈரமாவதை உணர்ந்தேன். என் கண்ணீர் என்றே முதலில் நினைத்தேன். சூசன்னாள் அம்மாள்தான் பார்த்தார். "வாத்தியாரே, நெத்தியைப் பாருங்க! வேர்க்குது, வேர்க்குது!" தலையணை நனையும்படி வியர்த்தது. மூச்சு இறங்கி நிதானப்பட்டது. டாக்டரம்மா வந்து குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "ஜுரம் திரும்பிடுச்சு" என்று என் முதுகில் தட்டினார்.

இதோடு சாட்சியை முடித்திருக்கலாம். ஆனால் உண்மையான சாட்சி அதற்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

சில நாள் கழித்து எஸ்தர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. திடீரென்று கரண்டியை வைத்தாள்.

"அப்பா, அம்மா படகுல ஜெபம் பண்ணிட்டே இருந்தா."

"தெரியும்மா. பயம் அவளுக்கு."

"அவளுக்காக இல்லப்பா. 'ஆண்டவரே, எம் பிள்ளையைக் காப்பாத்தும், எம் பிள்ளையைக் காப்பாத்தும்'னு சொல்லிட்டே இருந்தா. அப்புறம், 'அப்பா பக்கம் உசரமா இருக்கு, நீ அங்க போ'ன்னா. 'நீயும் வா'ன்னேன். 'பெரியவங்க எப்படி வரது, நீ சின்னப் பிள்ளை, போ'ன்னு தள்ளிட்டா."

அவள் கரண்டியை எடுத்து மறுபடி கஞ்சி குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வேப்பமரத்தடியில் வாய் மூடி இருந்த நாட்களில் பிள்ளைக்காக ஜெபமே ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். ஏறியிருந்தது. தண்ணீர் உள்ளே வருமுன்பே, என்னைவிடப் பயந்த ஒருத்தியின் வாயிலிருந்து ஏறியிருந்தது. கேட்டவளை ஆண்டவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னால் அது பொய். ஆனால் அவள் கேட்டதை அவர் கொடுத்தார். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிறு எஸ்தரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கிரேஸ் எப்போதும் இடது பக்கம், ஜன்னலோரப் பெஞ்சில் உட்காருவாள். பிள்ளை நடுவழியில் நின்றுவிட்டாள். அந்தப் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மா இல்லாமல் அந்தப் பக்கம் போகவும் முடியவில்லை. ஆண்கள் பக்கம் வரவும் தெரியவில்லை. என் விரலை விடவில்லை.

ஆகவே நான் அவளோடு போனேன். பெண்கள் பக்கம், கிரேஸின் இடத்தில் எஸ்தரை உட்காரவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. சாலமோன் ஐயா தம் இடத்திலிருந்து எழுந்து வந்தார். எங்கள் சபையில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். குனிந்து, "தம்பி, அந்தப் பக்கம்..." என்று தொடங்கினார். பிள்ளையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எஸ்தரின் தலையில் கை வைத்தார். பிறகு திரும்பிப் போய், ஆண்கள் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்த என் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் அங்கேதான் உட்காருகிறேன். எஸ்தர் இப்போது பெரிய பெண். ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவையில்லை. ஆனாலும் நகர்ந்து இடம் விடுகிறாள். இன்றும் காலையில் காற்றையும் மேகத்தையும் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கிரேஸ் செய்த ஜெபத்தையே நானும் செய்கிறேன், அவளுடைய வார்த்தைகளாலேயே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிறவர்களில் துக்கத்தினால் ஜெபிக்க வாய் வராதவர் யாராவது இருப்பீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள நான் யார்? உங்களுக்காக யாரோ ஏற்கெனவே கேட்டுவிட்டிருக்கலாம். அந்த ஜெபத்துக்குச் செவிகொடுத்த ஆண்டவர் கைவிட மாட்டார். எங்கள் கோயிலில் இடது பக்கம், ஜன்னலோரப் பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடமுண்டு. ஆணோ பெண்ணோ, வாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் போதும்.