ஆக்ஸஞ்ச் ஜாடி

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் கீரமங்கலம் பூ கமிஷன் கடைக்குப் போய் அங்கிருக்கும் தராசைக் கேட்கலாம். போன வருடம் பொங்கலன்று அதில் ஏறி நின்ற மலையாண்டியின் எடை தொண்ணூற்று நாலு கிலோ. பங்குனியில் ஐம்பத்தெட்டு. இடையில் அவருக்கு ஒரு நோயும் இல்லை. அவர் மனைவி ராஜலட்சுமி கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

பொங்கல் கழிந்து புதுக்கோட்டைக்குப் போன மலையாண்டி, நாகராசுவின் பழைய சாமான் கடையில் ஒரு பீங்கான் ஜாடி வாங்கி வந்தார். ஊறுகாய் போடத்தான். வெளியே நீல எழுத்தில் ஏதோ இங்கிலீஷ் வார்த்தை. ராஜலட்சுமி மூடியைத் திறந்தால்... உள்ளே விளிம்பு வரை மஞ்சள் மெழுகு. கற்பூர வாசனை.

"ஏதோ தைலம் போலருக்குங்க," என்றாள்.

நம் ஊரில் கற்பூரம் மணந்தால் போதாதா, வழித்துத் தேய்த்துவிட வேண்டியதுதான். அவளும் தேய்த்தாள். இரண்டு வருடமாக மல்லிகைத் தோட்டத்தில் குனிய விடாமல் வதைத்த முழங்கால் வலி, மூன்றே நாளில் போன இடம் தெரியவில்லை.

தினம் ஒரு கை வழித்தாள். ஜாடி குறையவே இல்லை. விரலால் தோண்டிய குழி மறுநாள் மதியம் மூடியிருந்தது. ஜாடி சூடாகவும் இருந்தது. அடுப்புப் பக்கம் வைக்கவில்லை, வெயிலும் படாத அலமாரி. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல ஒரு சூடு.

மலையாண்டியின் சட்டைகள் தொளதொளத்தன. முன்பைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டார். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ராஜலட்சுமி அழுதாள். பிள்ளை குட்டி கிடையாது. இந்த மனிதரும் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பங்குனி பதினொன்று. மதியம் மூன்று பத்து. மலையாண்டி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு சத்தம்...

ப்ளக்.

கொதிக்கிற களியில் கொப்புளம் உடைவது போல. தூக்கத்தில் அவர் முனகினார்.

ப்ளக்...

மறுபடியும் முனகல்.

மூடியைத் திறந்தாள். மெழுகு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கற்பூரம் மணக்கவில்லை. வியர்வை நாற்றம். அவருடைய அக்குள் நாற்றம். இருபத்தேழு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா?

மேலே ஒரு முடி. சுருண்ட, நரைத்த முடி.

பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடியில் வேர் இருந்தது...

கட்டிலில் அவர் "ஸ்ஸ்" என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார்.

துணியைச் சுற்றி ஜாடியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே குடியிருந்த அன்புச்செல்வி கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவர். வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். மூட்டைக்கு 'ஃபார்டல்', மாடுகளுக்கு 'கைன்' என்பார். முன்னூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் அப்படித்தான் சொன்னானாம். செத்துப்போன வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ராஜலட்சுமி எப்போதும் கேலி செய்வாள். அன்றைக்குக் கேலி வரவில்லை.

அன்புச்செல்வி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆக்ஸஞ்ச்."

"அப்புடின்னா என்னங்க டீச்சர்?"

"கொழுப்புக்கா. வாத்துக் கொழுப்பு, பன்னிக் கொழுப்பு... உருக்கி எடுத்து மருந்துல சேக்குறதுக்கு அந்தக் காலத்துப் பேரு. இப்ப யாரும் சொல்றதில்ல."

கீழே இருந்த பொடி எழுத்தைத் துடைத்துப் பார்த்தவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர்."

"மனுசக் கொழுப்புன்னு போட்டிருக்குக்கா. வெள்ளைக்காரங்க நாட்டுல தூக்குல போட்டவங்க ஒடம்புலேருந்து எடுத்து விப்பாங்களாம். மூட்டு வலிக்கு."

ராஜலட்சுமி சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், மண்ணெண்ணெய் ஊற்றினாள். முழங்கால் தோல் வழன்று ரத்தம் கசியும்வரை தேய்த்தாள். பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை. சீ! அதே கையால்தானே அவருக்குச் சோறு போட்டாள்? மாலை நாலே முக்காலுக்கு ஆட்டோ பிடித்துக் கட்டுமாவடிக்குப் போய், ஒரு படகுக்காரரைக் கெஞ்சி ஜாடியைக் கடலில் போடவைத்தாள்.

அதோடு மலையாண்டியின் எடை இறங்குவது நின்றது. ஏறவும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. முதல் நாள் ஜாடியில் இருந்தது யாருடைய கொழுப்பு? அந்தப் பாவப்பட்ட உயிருக்கு ஒரு விளக்காவது ஏற்ற வேண்டாமா? சித்திரை இரண்டாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு நாகராசு கடைக்குப் போய் நின்றாள். ஜாடி எந்த வீட்டிலிருந்து வந்தது, உள்ளே இருந்தது என்ன என்று கேட்டாள்.

நாகராசு விழித்தார். "உள்ளயா? காலி ஜாடிங்க அது. வெந்நீர் ஊத்திக் கழுவி, ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வச்சு, நாந்தான் மூடி போட்டுக் குடுத்தேன்."

அவள் உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க... அன்னைக்கு பஸ்ல அந்த ஜாடிய எங்க வச்சிருந்தீங்க?"

"மடியிலதான். ஏறுறப்ப லேசா இருந்துச்சு. எறங்குறப்ப தூக்க முடியல... எதுக்குக் கேக்குற?"

அவள் போனை வைத்தாள். கடை வாசல் குழாயடியில், தெருவே வேடிக்கை பார்க்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.