மூன்று மணிப் படகு

கடலோர ஊரான ஃப்ளோரோவில் படகுக் கம்பெனியின் சர்வரைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டி மேய்ப்பவள் குன்வோர். புயல் வந்தால் போதும், தீவுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படகு நேரம் பார்க்க இணையதளத்துக்குள் புகுவார்கள். சர்வர் படுத்துவிடும். பக்கங்களின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டவுடன் கொடுத்தால் வேகம் கூடும். நகலை எப்படி வைப்பது என்று சோதித்துச் சொல்லும் வேலை அவளுக்கு வந்தது.

ஒரே நகலை ஒரு மணி நேரம் வைத்திருப்பது ஒரு வழி. மூலப் பக்கம் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. முதல் வழிதான் வேகம். ஆனால் படகு நேரம் மாறினாலும் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இதைத் தனித் தாளில் எழுதி அறிக்கையோடு வைத்தாள்.

மேலாளர் சின்ட்ரேக்கு வேகம் என்றால் கண் மண் தெரியாது. படிக்கிறவர்களைக் குழப்பும், அந்தத் தாளை எடு என்றான். எடுத்தாள். கூட்டத்தில் காப்பியும் வாஃபிளும் சுற்றி வந்தன. யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டான். அங்கே வாய் திறக்காவிட்டால் சம்மதம். குன்வோர் வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். முதல் வழி முடிவானது.

நவம்பர் புயலில், மதியம் இரண்டரைக்குத்தான், கடைசிப் படகை நாலு மணியிலிருந்து மூன்றுக்கு மாற்றினார்கள். அடுத்த ஒரு மணி நேரமும் இணையதளம் நாலு என்றே சொன்னது. தீவு வீட்டிலிருந்து டயாலிசிஸுக்குப் போகவேண்டிய அவள் கணவன் ஆர்ன்ஃபின் அதை நம்பி, ஆலங்கட்டி மழையில் ஆளில்லாத படகுத்துறையில் நின்றான். மறுநாள் மீட்புப் படகில் கொண்டுவந்தபோது முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறினான்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு குன்வோர் நேராக ஆபீஸுக்குப் போனாள். அன்று அறிக்கையிலிருந்து எடுத்த தாளை சின்ட்ரேயின் மேசையில் விசிறினாள்.

"பொய்யைச் சீக்கிரமா சொல்றதுக்குப் பேரு வேகமாடா?"

அவன் நிதானமாகப் படித்தான். உண்மையாகவே வருத்தப்பட்டான், அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே, குன்வோர். நீ ஒண்ணுமே சொல்லலையே."

எடுக்கச் சொன்னவனே நீதானே என்று கத்த வாயெடுத்தாள். எடுத்தது தன் கைதான்.

"சொல்லல," என்றாள்.

யாரிடமும் கேட்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து இரண்டாவது வழிக்கு மாற்றினாள். விசைகளை ஓங்கி ஓங்கித் தட்டினாள். பாதி அவன் மேல் இருந்த கோபம். மீதி யார் மேல் என்று அவளுக்குத் தெரியும்.