கண்ணைக் கட்டிக்கொண்டு நரி வேட்டை

2007 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நானும் என் தம்பி குமரனும் நரி வேட்டைக்குப் போனோம். துப்பாக்கி, கண்ணி எதுவும் கிடையாது. நரியைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அந்த ஆசையோடு படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அதன் முகம் மட்டும். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள் இல்லையா, அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் என் தம்பி.

அன்று காலை ஒன்பதரைக்கு உழவர்கரையில் அவன் செல்போன் ரிப்பேர் கடை திறக்கிறான். அதற்கு முன் வைத்த ஜூஸ் கடையும் சிடி கடையும் ஊத்திக்கொண்டன. இதுவும் படுத்தால் ஏதாவது கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தது நான்தான். கையில் தொழில் இருந்தும் கடை நடத்தத் துப்பில்லை என்று வாய்க்கு வந்ததை எல்லாம் பேசியிருக்கிறேன்.

விழிப்பது என்றால் தூங்கி எழுந்து முதலில் பார்ப்பது. காட்டில் போய்ப் படுக்க அவனுக்குப் பயம். அதனால் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கினான். எழுந்து, கட்டை அவிழ்க்காமலே பல் விளக்கி, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினான். நாலரைக்குக் கிளம்பினோம். சேதராப்பட்டு சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே டீக்கடையில் நிறுத்தினால், யாரோ 'மெட்ராஸ் ஐ' என்று முணுமுணுக்க, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து தள்ளிப் போனார்கள். எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. டீ இரண்டும் ஆறு ரூபாய், நன்றாகவே இருந்தது.

அங்கிருந்து மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் போனால் முந்திரிக் காடு. கிளைகள் தரை வரை படர்ந்து கிடப்பதால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தோப்புக் காவலுக்கு இருக்கும் அஞ்சலை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். துண்டுக் கட்டோடு இறங்கியவனைப் பார்த்து அவர் சிரிக்கவே இல்லை. கையைப் பிடித்து, குனி, நிமிர், குனி என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். அவன் எல்லாவற்றையும் மாற்றிச் செய்து வழியில் இருந்த கிளைகளில் எல்லாம் இடித்துக்கொண்டான்.

உதிர்ந்த பழம் தின்ன நரி வரும் இடம் பார்த்து ஒரு மரத்தடியில் மூவரும் உட்கார்ந்தோம். வந்ததும் நான் அவன் தொடையைத் தட்டுவேன், அவன் துண்டை இறக்குவான். இதுதான் ஏற்பாடு. வெளுக்கிற நேரத்தில் அது வந்தது. ஒடிசலான உடம்பு, கூரான மூக்கு, புசுபுசுவென்று தொங்கும் வால். ஒரு பழத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டினேன். அவன் துண்டை இழுத்தான், அது வரவில்லை; முடிச்சு இறுகிப்போயிருந்தது. அதற்குள் அஞ்சலை அக்காவின் செவலை நாய் எங்கிருந்தோ பாய்ந்து வர, நரி மறைந்துவிட்டது. அது நின்ற இடத்திலேயே நாய் நின்று எங்களைப் பார்த்தது. துண்டு அப்போதுதான் இறங்கியது.

பல மணி நேரம் கட்டிக் கிடந்த கண். கசக்கிக் கசக்கிப் பார்த்தான்.

"பாத்துட்டேன்க்கா. நேருக்கு நேரா பாத்துட்டேன்" என்றான். என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவர் தன் நாயைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. அது கொஞ்ச நேரம் நின்று, அலுத்துப்போய், வாலைச் சுருட்டிக்கொண்டு தானாகவே போய்விட்டது.

"போய்ட்டு வா தம்பி. கடை நல்லா நடக்கும்" என்று மட்டும் அவர் சொன்னார்.

கடை திறந்த அன்று முதல் ஆளாக ஒருவர் தண்ணீரில் விழுந்த போனோடு வந்தார். சாயங்காலம் அது பேசியது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் இப்போது ஆள் வருகிறது.

போக நினைக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள், அதுதான் பழக் காலம். தோப்புக்காரர்களைக் கேட்டுவிட்டு நுழையுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், தண்ணீர் எடுத்துப்போங்கள். நாயைக் கட்டிப்போடச் சொல்லுங்கள். உங்கள் கண்ணைக் கட்டாதீர்கள்.

இதை வலைப்பதிவில் ஏற்றுவதற்கு முன் குமரனிடம் படித்துக் காட்டாமல் இருக்க முடியுமா? கடைக்கே போய், நாய் வரும் இடம்வரை படித்துவிட்டு நிறுத்தினேன். ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தவன் தலை நிமிரவில்லை.

"கண்ணு தெளிஞ்சப்பவே தெரியும்க்கா. நரிக்கு எங்க வாலு சுருண்டிருக்கு? நாய்னு நீ சொல்லுவேன்னுதான் பாத்துகினே இருந்தேன். நீ சொல்லல. உங்கிட்ட ஒரு பேச்சு வாங்காம நான் தொறந்த கடை இது ஒண்ணுதான். அதுவே போதும்னு கெளம்பிட்டேன்."