ஆறு விரக்கடை

வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்துல பெரியாயின்னு பல பேரு இருந்தாங்க. கடைசி லயத்து வரிசை வீட்டுல குடியிருந்தவள மட்டும் 'ஏன் பெரியாயி'ம்பாங்க. எதக் கண்டாலும் ஏன்னு கேக்காம அவளுக்குத் தூக்கம் வராது. கோயில்ல அபிசேகத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு பூசாரியத் தொரத்தித் தொரத்திக் கேட்டவ. புருஷன் அழகர் காய்ச்சல்ல போனப்பகூட, என்ன காய்ச்சல், எப்படி ஒட்டுச்சுன்னு மருந்து குடுத்த ஐயாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்து அழுதா. ஆளு நல்ல கனம். கோவமும் அப்படித்தான். ஒண்ணு மனசுல விழுந்துட்டா லேசுல வெளிய போகாது.

அப்படி விழுந்ததுதான் சம்பந்தி வீட்டுச் சங்கதி. ஒரே மக லெட்சுமிய லுணுகலைப் பக்கம் ஊத்துமலைத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருந்தா. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு வீட்டார ஏத்திக்கிட்டுப் போன லொறி, அந்தத் தோட்டத்து ரோட்டு ஏத்தத்துல சேத்துல பொதைஞ்சு நின்னுருச்சு. கொட்டுற மழையில, கல்யாணப் பொண்ணு சீலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அத்தன பேரும் நடந்துதான் போய்ச் சேந்தாங்க. ஆரத்தித் தட்டோட வாசல்ல நின்ன மாப்பிள்ளையோட ஆத்தா இராக்கம்மா, பொண்ணக் கொண்டாந்து எறக்கக்கூட வக்கில்லாத எடமான்னு பக்கத்துல நின்னவகிட்ட முணுமுணுத்தா. அது பெரியாயி காதுல விழுந்துருச்சு. அங்கனயே சொல்லிட்டா, இனிமே இந்த வாசலுக்கு வந்தா காருல வந்துதான் எறங்குவேன், இல்லாட்டி வரவே மாட்டேன்னு.

சொல்றது லேசு. கொழுந்து பறிக்கிறவ காருக்கு எங்க போவா? தலைப்பிரசவத்துக்கு மகளக் கூட்டியாரச் சொல்லி ஆள் அனுப்புனா. நெறமாசக்காரிய பஸ்ஸுல குலுக்கிக்கிட்டு எப்படி அனுப்புறதுன்னு இராக்கம்மா பதில் சொல்லி விட்டா. பொம்பளப்புள்ள பொறந்துச்சுன்னு சேதி வந்துச்சு. தவழுதுன்னு வந்துச்சு. மகளையும் புள்ளையையும் அங்கயிருந்து அனுப்பி வைக்கவும் இல்ல. பேத்தி மொகத்த பெரியாயி இன்னும் பாக்கல. சிலுவைய நாமளே செஞ்சு நாமளே சுமக்குற கதைதான். ஆனா அதச் சொல்லிட்டு அவகிட்ட எவன் தப்பிக்கிறது?

இப்படி இருக்கையில அம்பத்தொம்பதாம் வருஷம் தோட்டத்து வெள்ளக்காரச் சின்னதொரை சீமைக்குக் கெளம்பிப் போனாரு. போறப்ப, அங்கயிருந்து வரவழைச்சு வச்சிருந்த பெட்டிகள, தேயிலை பேக்டரியப் பாத்துக்கிட்ட டீமேக்கர் பரமலிங்கத்துக்கு விட்டுட்டுப் போனாரு. பெட்டிக்குள்ள இருந்தது ஒரு கார், முழுசா இல்ல, துண்டு துண்டா. நாமளே ஒண்ணு சேத்துப் பூட்டிக்கிற ரெண்டு சீட்டு வண்டி. டீமேக்கரய்யா யாழ்ப்பாணத்து ஆளு, குடும்பம் அங்க, ஞாயித்துக்கிழமையில அவருக்கு வேற சோலி கெடையாது. பதுளையில கராஜ் வச்சிருந்த இத்ரூஸக் கூட்டாளியாச் சேத்துக்கிட்டு பூட்ட ஆரம்பிச்சாரு.

பூட்டி முடிச்ச வண்டிய நிறுத்தத்தான் எடம் கெடைக்கல. உசரம் சரி பண்ணணும்னா நாலு சக்கரமும் ஒரே மட்டத்துல நிக்கணுமாம். மலைநாட்டுல மட்டமான எடத்துக்கு எங்க போறது? காலையில ஆள் கூடுற பெரட்டுக்களம் சாய்வு, கோயில் முத்தம் சாய்வு, தொரை பங்களா முத்தங்கூட ஒரு பக்கம் வழிஞ்சுதான் கெடக்கு. கடைசியில பேக்டரிக்குள்ள தேயிலை பெட்டி கட்டுற சிமெந்துத் தரைதான் வாய்ச்சுது. ஞாயித்துக்கிழமை மெஷின் ஓடாத நேரம், பெரியாயி அங்க கூட்டிப் பெருக்க வருவா. வண்டியக் கண்டதும் வெளக்குமாறு கீழ போச்சு.

வெறும் வண்டிய நிறுத்தி, கூட வந்த கடுதாசியில சொல்லியிருந்த உசரத்த அளந்து வச்சிட்டு, ரெண்டு பேரும் ஏறி உக்காந்து ஓட்டிப் பாத்தாங்க. பேக்டரி வாசப்படியத் தாண்டறப்ப வண்டியோட அடிவயிறு 'கர்ர்'னு தேச்சுக்கிச்சு. அப்பத்தான் உறைச்சுது, பாரம் ஏறின பொறகு அளக்கணும்னு. டீமேக்கர் ஓட்டுற சீட்டுல உக்காந்துட்டா மத்த சீட்டுக்கு யாரு? இத்ரூஸ் அடியில படுத்துத் திருகணும். கொழுந்துச் சாக்க வச்சாங்க, சரிஞ்சு விழுந்துச்சு. டீமேக்கரய்யா சுத்திமுத்திப் பாத்தாரு.

"பெரியாயி, ஒருக்கா இதுக்குள்ள ஏறி இரு பாப்பம்."

இத்தன காலமா முதுகுல பாரம் சொமந்தவ, அன்னைக்கு ஒரு வேலையும் செய்யாம தானே பாரமா உக்காந்தா. சும்மாவா உக்காருவா? அடியில என்னய்யா செய்றாரு இத்ரூஸ் நானா, ஏன் திருகுறாரு, எதுக்கு இந்தப் பக்கம் மட்டும் தாழ்ந்து நிக்குதுன்னு கேட்டுக் கேட்டு மனுசங்கள ஒரு வழி பண்ணிட்டா. இத்ரூஸும் சளைக்கல, எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. சக்கரத்துக்கு மேல சுருள் ஸ்பிரிங்கு இருக்கு, அதத் தாங்குற வளையத்துல மரை வெட்டியிருக்கு, வளையத்த மேல திருகினா வண்டி ஏறும். ஆனா இந்த மூலைய ஏத்தினா அதுக்கு எதிர் மூலைக்குப் பாரம் போயிரும். நாலு காலும் ஒத்து வராத லயத்துக் கட்டில் மாதிரியான்னா பெரியாயி. அதே மாதிரித்தான்னாரு இத்ரூஸ்.

ஒவ்வொரு தடவ திருகின பொறகும் வண்டிய முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டி, அமுக்கி விட்டுத்தான் அளக்கணும். இல்லாட்டி ஸ்பிரிங்கு பொய் சொல்லுமாம். பெரியாயியத் தேருல வச்சு உருட்டுறாங்கன்னு சன்னல்ல நின்னு லயமே சிரிச்சுது. அவ அசையல. அங்குலமெல்லாம் வேணாம், வெரலால சொல்லுங்கன்னு இத்ரூஸக் கேட்டுக்கிட்டா. அவ ஏறி உக்காந்தா தரைக்கும் வண்டியோட அடிவயித்துக்கும் ஆறு விரக்கடை, ஆறு வெரல் அகலம். எறங்கினா ஒண்ணரை விரக்கடை மேல வரும். இதுக்கே இடது முன்பக்க வளையம் கடைசி மரைக்கு வந்துருச்சு. அதுக்கு மேல திருக எடமில்ல.

அடுத்த ஞாயிறு டீமேக்கர் கூப்பிட்டப்ப பெரியாயி உடனே ஏறல. கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ஒரு சொல்லுக் குடுத்தாத்தான்யா உக்காருவேன். வண்டி ஓடிச்சுன்னா மொத ஓட்டம் ஊத்துமலைக்கு. இந்தச் சீட்டுல நான். என் பேத்தியப் பாக்கணும்."

கல்யாணக் கதை அவருக்கும் தெரியும், தோட்டத்துல யாருக்குத்தான் தெரியாது. சரின்னுட்டாரு.

வாக்குத் தவறாத மனுசன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கெளம்புனாங்க. பெரியாயி புதுச் சீலை கட்டி, பேத்திக்கு வாங்கின கொலுச மடியில முடிஞ்சு வச்சிருந்தா. பசறையக் கடந்து லுணுகலை வரைக்கும் வாய் ஓயல. வளைவுல வண்டி ஏன் சாயலன்னு கேட்டா. வாசல்ல எறங்கறப்ப என்ன பேசணும், எப்படி மொகத்தத் திருப்பிக்கணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டா. அவருக்குச் சிரிப்பு அடங்கல.

தார் ரோட்ட விட்டு ஊத்துமலை ஏத்தத்துல திரும்பினதும் வந்துச்சு வெனை. லொறி ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல கல்லு மொளைச்ச மேடு. கொஞ்ச தூரந்தான், அடிவயிறு 'டக்'குனு இடிச்சுது. டீமேக்கர் நிப்பாட்டி எறங்கிக் குனிஞ்சு பாத்தாரு. எந்திரிச்சவரு பெரியாயி மொகத்தப் பாக்காமத்தான் பேசுனாரு.

"அடியிலை இருக்கிற எஞ்சின் எண்ணெய்ச் சட்டி உடைஞ்சால் வண்டி இதிலையே கிடக்க வேண்டியதுதான். திரும்புவம், பெரியாயி. இன்னொரு நாள் வேற வண்டியிலை கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் சொல்லாம விட்டது என்னன்னு அவளுக்குத் தெரியும். அவ எறங்கினா வண்டி ஒண்ணரை விரக்கடை ஏறும். அந்தக் கல்லுக்கு அது போதும். பெரியாயி எறங்கி, கல்லு மேல கைய வச்சு அளந்து பாத்தா. சரியா இருந்துச்சு. சரியா இருந்ததுதான் அவளுக்கு ஆத்தாமை. அன்னைக்கு லொறி நின்னதும் இதே ஏத்தந்தான். கல்லு மேலயே உக்காந்து, மூணு வருஷக் கோவத்தையும் சேத்து வச்சு அழுதா. பாவம், அந்த மனுசன் கார் சாவியக் கையில உருட்டிக்கிட்டு தேயிலைச் செடியப் பாத்துக்கிட்டு நின்னாரு.

அழுது முடிச்சு மூக்கத் தொடைச்சா.

"நீங்க ஓட்டிக்கிட்டு முன்னால போங்கய்யா. நான் நடந்து வர்றேன். இவ்வளவு தூரம் வந்துட்டு புள்ள மொகத்தப் பாக்காமப் போகமாட்டேன்."

வெறும் வண்டி லயத்து வாசல்ல போய் நின்னுச்சு. இராக்கம்மா வெளிய வந்தா. வெள்ளப்பாறை டீமேக்கர், மொகம் வாடிக் கெடக்குது. பக்கத்துச் சீட்டு காலி. ஒரு தோட்டத்துல இருந்து பெரிய உத்தியோகத்தர் ஆள் இல்லாத காரோட வந்து நிக்கிறாருன்னா, லயத்துக்காரங்களுக்கு அதுக்கு ஒரே அர்த்தந்தான். சம்பந்தி போய்ட்டாங்க, மகளக் கூட்டிப் போக வண்டி வந்திருக்குன்னு அவ முடிவு கட்டிட்டா. டீமேக்கர் எஞ்சின நிப்பாட்டி வாயத் தெறக்கறதுக்குள்ள, பதறிப்போய், வெள்ளப்பாறைக்கே ஓடிப் போயிர்றவ மாதிரி இடுப்புல இருந்த புள்ளையோட வெறுங்காலா ரோட்டுல எறங்கி ஓடிட்டா.

வளைவுல, நடந்து ஏறி வந்த பெரியாயியும் அவளும் மோதாத கொறை. இராக்கம்மாவுக்கு மூச்சு வாங்குது, கண்ணெல்லாம் தண்ணி.

"உசுரோடதான் இருக்கீங்களா சம்பந்தி?"

மூணு வருஷமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததுல ஒரு வார்த்த பெரியாயிக்கு ஞாபகம் வரல. கைய நீட்டுனா. புள்ள தயங்காம தாவி வந்து அவ மூக்குத்தியப் புடிச்சு இழுத்துச்சு.

மேல போறவரைக்கும், தான் ஏன் நடந்து வந்தேன்னு பெரியாயி சொல்லிக்கிட்டே வந்தா. வளையம், மரை, ஒண்ணரை விரக்கடை எல்லாம். இராக்கம்மா நம்பல, அதெப்படி ஒரு ஆளு ஏறினா காரு எறங்கும்னா. லெட்சுமி வாசல்லயே ஆத்தாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. அது அடங்கின பொறகு, இராக்கம்மா மெதுவா வண்டிகிட்ட போய் சீட்டத் தடவிப் பாத்தா. நான் ஒக்காந்தா எவ்வளவு எறங்கும்னு கேட்டா.

கணக்கு சரியா வரணும்னா நீங்களும் ஏறுங்கய்யான்னு பெரியாயி டீமேக்கர ஓட்டுற சீட்டுல உக்கார வச்சா. இராக்கம்மா சீலைய ஒதுக்கிக்கிட்டு இடது பக்கம் ஏறுனா. பெரியாயி மண்டி போட்டு, கைக்கு மேல கைய வச்சு அடியில நொழைச்சா. அஞ்சு வெரல் போச்சு. ஆறாவது பாதியிலயே இடிச்சுது.

"எவ்வளவு சம்பந்தி?"

பெரியாயி கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சா.

"ஆறு. நானும் நீங்களும் ஒரே அளவுதான்."